முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது?

விஜயதசமி வந்துவிட்டால் தமிழ்நாட்டின் நடன வகுப்புகளில் புதுப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை. குருவுக்கு ஒரு நமஸ்காரம். உடனே முதல் பாடம். பெரிய நகரங்களில் இப்போது பரதம் மட்டுமில்லை. கதக், பாலே, ஹிப் ஹாப், பறையாட்டம் என்று எல்லாவற்றுக்கும் வகுப்புகள் உண்டு. பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். எதில் சேர்க்கலாம்? மேடையேற எத்தனை வருஷம் ஆகும்? இவற்றுக்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உடம்பு எந்த வேலையை எந்த வயதில் தாங்கும் என்பதே அது.

பரத வகுப்பிலிருந்தே தொடங்கலாம். முதல் நாள் கற்றுத் தருவது அரைமண்டி. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை இரு பக்கமும் விரித்து, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கிப் பாதி உயரத்தில் அமர்வது. அந்த நிலையிலேயே தட்டடவு. 'தெய்யா தெய்' என்று ஆசிரியர் தட்டுக்கழியில் தாளம் போட, குழந்தை ஒரு காலைக் குதிகால் புட்டத்தைத் தொடும் அளவுக்குத் தூக்கி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் ஒரே சத்தம்தான் கேட்கும். குதிகால் முந்திக்கொண்டால் சத்தம் இரண்டாக உடையும். நல்ல ஆசிரியர் குனிந்து பார்க்காமலே காதால் கண்டுபிடித்துவிடுவார். அதே அடவை அடுத்து இரண்டாம் காலத்தில் இரட்டை வேகத்திலும், மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கிலும் ஆட வேண்டும். ஆசிரியர் போடும் தாளம் மாறாது; அதற்குள் அடங்கும் அடிகள்தான் பெருகும். ஏழு வயதுப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கும் நாட்களிலேயே அந்தக் கணக்கைக் காலாலும் போட்டுவிடுகிறது.

இந்த அரைமண்டி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாதம் விரிவதைப் பார்த்து, கணுக்காலில் நடக்கும் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது இடுப்பில் நடக்கிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தியிருக்கிறது. அது எல்லாத் திசையிலும் சுழலக்கூடிய மூட்டு. முழங்கால் அப்படியில்லை; கதவுக் கீலைப் போல முன்னும் பின்னும் மடங்குவதுதான் அதன் முக்கிய வேலை. இடுப்பு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதமும் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் இழுத்து விரித்தால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். பாதத்தின் உள்வளைவும் சரிந்து தரையோடு படியும். முன்னால் நின்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். முழங்கால் சில்லு கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் திசையைப் பார்க்க வேண்டும். அது உள்பக்கம் பார்த்தால், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அந்த அரைமண்டி தவறு.

எல்லாக் குழந்தைகளுக்கும் இடுப்பு ஒரே அளவு திரும்புவதில்லை. பிறக்கும்போது தொடையெலும்பு சுமார் 30 முதல் 40 பாகை வரை முன்பக்கமாக முறுகியிருக்கிறது. வளர வளர அது குறைந்து, பெரியவர்களிடம் ஏறக்குறைய 15 பாகையில் வந்து நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் சிலர் கால்விரல்கள் உள்நோக்க நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐந்து வயதில் அரைமண்டி விரியாத குழந்தையிடம் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. அதன் எலும்பு இன்னும் திரும்பி முடியவில்லை. அந்த முழங்கால்களைக் கையால் பிடித்துப் பின்னுக்குத் தள்ளும் வகுப்பிலிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுவதே நல்லது.

பிள்ளையைச் சீக்கிரம் மேடையேற்ற அவசரப்படுபவர்கள் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைச் சொல்வார்கள். 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி. சங்கீதமும் நடனமும் தலைமுறைகளாகப் புழங்கிய வீடு. கந்தப்பப் பிள்ளையிடம் மிகக் கண்டிப்பான பயிற்சி, அதுவும் தினமும். வாரம் இரண்டு நாள் மாலையில் ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஏழு வயது அளவுகோல் ஆகாது. தஞ்சை நால்வர் வகுத்துக் கொடுத்த மார்க்கத்தின், அதாவது பரதக் கச்சேரி முறையின், வரிசையே நிதானமானது. முதலில் வரும் அலாரிப்பில் கண், கழுத்து, தோள், கை, கால் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாக அசைவுக்கு வரும். உடம்பு முழுக்கத் தயாரான பிறகே வர்ணத்தின் நீண்ட உழைப்பு. ஒரு கச்சேரியில் இருக்கும் இந்தப் பொறுமை, பயிற்சி ஆண்டுகளிலும் இருக்க வேண்டும்.

பாலேயிலும் கால் இடுப்பிலிருந்துதான் வெளிப்பக்கம் திரும்புகிறது. இரண்டையும் பயின்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதத்துக்கு வருவதற்கு முன் அன்னா பாவ்லோவா குழுவின் நடனக்காரர் ஒருவரிடம் பாலே கற்றவர். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறி, அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பாலே, பரதம் இரண்டிலும் முழங்கால் ஒரே மாதிரி மடங்குவதாகத் தோன்றும். ஆனால் பாலேயில் அந்த மடக்கம் எழும்புவதற்கான ஒரு கணம். பரதத்தில் அங்கேயே தங்கி ஆட வேண்டும். ஆகவே பரதம் தொடைத் தசையிடம் தாக்குப்பிடிக்கும் பலத்தைக் கேட்கிறது. பாலே கணுக்காலிடமும் பாதத்திடமும் கேட்கிறது.

பாலேயில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் நுனிவிரல் காலணி. அதன் முன்பகுதி மரக்கட்டை என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாக அது துணியையும் காகிதத்தையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்த கூடுதான். அதற்குள் உடம்பின் மொத்த எடையும் விரல் நுனிகளில் இறங்குகிறது. சின்ன வயதில் பாத எலும்புகளின் முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அதனால்தான் பொறுப்பான ஆசிரியர்கள் 11, 12 வயது வரையாவது காத்திருக்கிறார்கள். வயது மட்டும் போதாது. சில ஆண்டு ஒழுங்கான பயிற்சி இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் திரும்பத் திரும்பத் தூக்கி இறக்கும்போது கணுக்கால் ஆடக் கூடாது. எட்டு வயதில் அந்தக் காலணியை மாட்டிவிடும் இடத்தை நம்ப வேண்டாம்.

கதக்கில் ஆழ்ந்த அரைமண்டி கிடையாது. நிமிர்ந்து நின்று பாதத்தால் தரையில் தாளம் பேசுவதுதான் அதன் அடிப்படை. தேர்ந்தவர்கள் ஒவ்வொரு காலிலும் நூறு சலங்கை மணிகளுக்கு மேல் கட்டுவார்கள். பிள்ளைகள் குறைவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதன் சுழற்சிகளில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணை எதிரே ஒரு புள்ளியில் நிறுத்தி, உடம்பு திரும்பும்போதும் தலையை முடிந்தவரை அங்கேயே வைத்து, கடைசியில் சட்டென்று திருப்பி அதே புள்ளிக்கு வருவது. தலை ஒரே சீராகச் சுழன்றால் உட்காதுக் குழாய்களில் இருக்கும் திரவமும் சேர்ந்து ஓடி, நின்ற பிறகும் உலகம் சுற்றும். இந்த நுட்பத்தோடு பழகப் பழக மூளையும் காது அனுப்பும் அந்தத் தகவலைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது.

ஹிப் ஹாப் 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிப் பிள்ளைகள் விருந்துகளில் உருவாக்கியது. அதிலிருந்து வந்த பிரேக்கிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போயிற்று. பிரேக்கிங்கில் எடை மணிக்கட்டிலும் தோளிலும் விழுகிறது. கைகளுக்கு வலு ஏறாமல் தலைகீழ் வித்தைகளுக்குப் போகக் கூடாது. நம் பறையாட்டத்தை இந்த வரிசையில் பலரும் யோசிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மற்ற நடனங்களில் தாளம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். இங்கே ஆடுபவரே தோளில் பறையைத் தாங்கி, அடிக்குச்சியாலும் சிண்டுக்குச்சியாலும் தாளத்தை எழுப்பி, அதற்குத் தானே அடவும் வைக்க வேண்டும். கை ஒன்று செய்ய, கால் வேறொன்று செய்யும் இந்தப் பயிற்சி பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அருமையானது.

அந்தப் பதின்வயதுதான் எல்லா வகுப்புகளிலும் சிக்கலான காலம். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். எலும்பு முந்திக்கொண்டு நீள, தசை இறுகிப் பின்தங்கும். போன வருஷம் நன்றாக அமர்ந்த அரைமண்டி இந்த வருஷம் வராது, சுற்றும்போது தடுமாறும். கற்றது போய்விட்டது என்று பிள்ளை அழும். வகுப்பை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழும். ஒன்றும் போகவில்லை, புதிய நீளத்துக்கு உடம்பு பழக அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகாலின் பின்புறம் வலிப்பதும் இந்தக் காலத்தில் அதிகம். தசைநார் இழுக்கும் இடத்தில் எலும்பு இன்னும் முதிராததே காரணம். அப்போது குதிப்பு அடவுகளைக் குறைத்து ஓய்வு தர வேண்டும். வலி தொடர்ந்தாலோ, நொண்டினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'வலித்தால்தான் வரும்' என்று சொல்பவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக, தரை. வெறுங்காலால் ஓங்கித் தட்டும் நடனத்துக்குக் கிரானைட்டும் டைல்ஸும் மோசமான தரைகள். அடியின் அதிர்ச்சி அப்படியே காலுக்குத் திரும்பும். அடியில் இடைவெளி விட்டுப் பலகை பரப்பிய தரை அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். வகுப்பில் சேர்க்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே அந்தத் தரையில் நாலு முறை தட்டிப் பாருங்கள். வீட்டில் டைல்ஸ் தரைதான் என்றால், அங்கே பிள்ளை அடவுகளை மெல்லத் தட்டியோ கால் வைக்கும் இடங்களை மட்டும் காட்டியோ பழகட்டும். 'தெய்யா தெய்' போன்ற சொல்லுக்கட்டையும் முத்திரைகளையும் உட்கார்ந்தபடி கையால் தாளம் போட்டே பழகலாம். ஓங்கித் தட்டும் பயிற்சியை வகுப்பின் பலகைத் தரைக்கு விட்டுவிடலாம்.