உஷார்! நெகட்டிவ் ரிப்போர்ட்டை மட்டும் நம்பிக் கப்பல் ஏறாதீர்கள்

லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. போனஸ் கைக்கு வந்தாயிற்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் நாலு பேருக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. வியாழக்கிழமை ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூர் வந்து இறங்குகிறார் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை காலை மேசைமேல் வைரஸ் டெஸ்ட் கிட். நாலு பேருக்கும் ஒற்றைக் கோடு, அதாவது நெகட்டிவ். சனிக்கிழமை குடும்பத்தோடு கப்பல். ஞாயிற்றுக்கிழமை நடுக்கடலில் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

குடும்பம் கற்பனை, கணக்கு கற்பனை இல்லை. ஒமிக்ரான் வகைக் கொரோனா உடம்புக்குள் புகுந்து அறிகுறி காட்ட ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். வியாழன் ராத்திரி பஸ்ஸில் தொற்றியதை வெள்ளிக்கிழமை கிட் கண்டுபிடிக்காது. கிட்டிலும் பிழையில்லை, எடுத்தவர் கையிலும் பிழையில்லை. எடுத்த நேரம்தான் தப்பு.

"அதெல்லாம் 2022-லேயே முடிஞ்சு போச்சே, இப்ப யாரு டெஸ்ட் கேக்குறா?" என்று கேட்கலாம். கட்டாயச் சோதனை பெரும்பாலான கப்பல்களில் இப்போது இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2025 மே, ஜூனில் இந்தியாவில் தொற்று மறுபடி தலைதூக்கி, சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டியது ஞாபகம் இருக்கட்டும். விதி போன வேகத்திலேயே திரும்பி வரலாம். தவிர, ஏறும்போது உடல்நிலை உறுதிமொழிப் படிவம் நீட்டுவது வழக்கத்தில் இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கக் கப்பல்காரர்களுக்கு உரிமை உண்டு.

நம் பக்கத்துக்கு ஏன் கூடுதல் எச்சரிக்கை?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று இந்தப் பாதை முழுக்க ஆட்கள் கூட்டமாகவே வேலை செய்கிறோம். ஒரே பஸ், ஒரே கேன்டீன், ஒரே லாக்கர் ரூம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இங்கே ஒருவர் இருமினால் அது அவரோடு நிற்காது.

பழசை மறந்துவிட வேண்டாம். 2020 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை தொற்றால் மூடப்பட்டது. 2021 மே மாதம் ஃபாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்து உற்பத்தி பாதிக்கும் கீழே போனது. அதே மாதம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டு உள்ளிருப்புப் போராட்டம் நடத்த, ஆலை ஐந்து நாள் மூடப்பட்டது. ஒரகடம் ரெனோ நிசான் தொழிலாளர் சங்கம் சமூக இடைவெளிக்காக உயர் நீதிமன்றம் வரை போனது.

லைனில் நிற்பவர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை: கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் ஓகே சீல் குத்திவிட்டால் பார்ட் நல்லதாகிவிடாது, முந்தைய ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். கப்பலுக்கும் அப்படித்தான். கிட்டுக்குக் காத்திருக்கும் 15 நிமிஷத்தைவிட, அதற்கு முந்தின ஐந்து நாள் பெரிது. கடைசி ஷிப்ட் வரை போய்விட்டு மறுநாள் கப்பல் ஏறுவதுதான் ஆபத்திலெல்லாம் ஆபத்து. முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே லீவைத் தொடங்குங்கள். முடியாவிட்டால் அந்த வாரம் பஸ்ஸில் மாஸ்க் போடுங்கள், கல்யாணம் காதுகுத்து என்று மண்டபம் மண்டபமாக ஏறி இறங்காதீர்கள்.

கப்பலில் நடந்த கதைகள்

2020 பிப்ரவரி, ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகம். டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்குத் தொற்று. ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோதனை எடுத்த நேரத்தில் அறிகுறியே இல்லை. 'நல்லாத்தானே இருக்கேன்' என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பே இல்லாமல் போனது.

2022 ஜனவரி, மும்பையிலிருந்து கோவா போன கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல். ஊழியர் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும், கப்பலில் இருந்த சுமார் 2,000 பேருக்கும் சோதனை எடுத்தார்கள். 66 பேருக்கு பாசிட்டிவ். புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் மர்மகோவா துறைமுகத்தில் காத்துக் கிடந்துவிட்டு, வந்த வழியே மும்பைக்குத் திரும்பினார்கள். அதே எம்ப்ரஸ்தான் 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னையிலிருந்து புறப்பட்டது, 2023 ஜூனில் இலங்கைப் பயணத்தையும் தொடங்கியது.

2022 நவம்பரில் சிட்னிக்கு வந்து சேர்ந்த மெஜஸ்டிக் பிரின்சஸ் கப்பலில் சுமார் 800 பேருக்குத் தொற்று. ஏறும் முன் சோதனை, தடுப்பூசி என்ற ஏற்பாடெல்லாம் அங்கே இருந்த காலம்தான் அது.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி எந்த ஊருக்கும் போகாமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்தில் இருந்தது குவாண்டம் ஆஃப் த சீஸ். முன்கூட்டியே சோதித்து நெகட்டிவ் வந்தவர்களைத்தான் ஏற்றியிருந்தார்கள். நடுவழியில் 83 வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கப்பலில் எடுத்த சோதனையில் பாசிட்டிவ். பயணம் பாதியில் நின்றது, பயணிகள் அறைக்குள் அடைபட்டார்கள். கரைக்கு வந்து திரும்பத் திரும்பச் சோதித்தால், பெரியவருக்குத் தொற்றே இல்லை! சோதனை இந்தப் பக்கமும் ஏமாற்றும், அந்தப் பக்கமும் ஏமாற்றும்.

வீட்டில் எடுத்தது செல்லுமா?

ஏமாறும் இடம் இதுதான். மருந்துக்கடையில் கிட் வாங்கி நீங்களே எடுத்த சோதனை உங்களுக்குத் தகவல், அவ்வளவே. யாருக்கும் சான்று இல்லை. 2021 மே மாதம் புனே மைலேப் நிறுவனத்தின் 'கோவிசெல்ஃப்' கிட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். அனுமதி கிடைத்து, 250 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து இந்தியா வர அரசின் ஏர் சுவிதா இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். ரிப்போர்ட். வீட்டுக் கிட் படம் அங்கே செல்லாது.

அமெரிக்கா 2021 மே மாதம் ஒரு வழி திறந்துவிட்டது: வீட்டிலேயே எடுக்கலாம், ஆனால் அங்கீகாரம் பெற்ற சேவையின் ஆள் வீடியோவில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே பிள்ளைகளோடு கப்பல் ஏறப் போன நம் ஊர் அப்பா அம்மாக்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். அப்போதைய நடைமுறை இது: லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் காட்ட வேண்டும். சீல் உடைக்காத பெட்டியைக் கேமராவில் காட்டிவிட்டு, அவர் சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும். குச்சியை இரண்டு மூக்குத் துளையிலும் சுழற்றி எடுத்து, கரைசலில் கலக்கி, சொட்டு விட்டுக் காத்திருக்கும் 15 நிமிஷமும் டெஸ்ட் அட்டை கேமராவை விட்டு விலகக் கூடாது.

இப்படி ஒரு விதி திரும்பினால் சறுக்கும் இடங்கள்:

• ஆர்வக்கோளாறில் முந்தின நாளே பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது. சீல் போனால் கிட் போச்சு.

• நடுவில் கரென்ட் போய் வைஃபை நிற்பது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னொரு கிட் வேண்டும். ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கிவையுங்கள், போனில் டேட்டா தயாராக இருக்கட்டும்.

• 'இரண்டு நாளுக்குள்' என்பதையும் '48 மணி நேரத்துக்குள்' என்பதையும் ஒன்றாக நினைப்பது. ஒன்று தேதிக் கணக்கு, மற்றது மணிக் கணக்கு. எதைக் கேட்கிறார்கள் என்று படியுங்கள். அமெரிக்க விமானங்களுக்கு மூன்று நாள் என்றிருந்த கெடு, 2021 டிசம்பர் 6 முதல் ஒரே நாளாகச் சுருங்கியது. போன மாதம் போய்வந்த உறவுக்காரர் சொன்ன விதியை நம்பாதீர்கள்.

• பெயர். நம்மவர்கள் கவிழ்வது இங்கேதான். ஆதாரில் இனிஷியலோடு 'கே. செல்வம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'செல்வம் கிருஷ்ணன்', ரிப்போர்ட்டில் வெறும் 'செல்வம்'. ஆள் ஒருவர்தான், கவுன்ட்டரில் நிற்பவருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் கொடுங்கள்.

வீட்டுக்கு லேப் ஆள் வந்து சாம்பிள் எடுத்துப்போகும் சேவையை நம்பியிருந்தால், மண்ணூர் வரை வருவார்களா, ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். 'சென்னை முழுவதும்' என்று விளம்பரம் செய்பவர்களில் சிலருக்குச் சென்னை பூந்தமல்லியோடு முடிந்துவிடும்.

வெயிலில் வெந்த கிட்

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருப்பார்கள்: 2 முதல் 30 டிகிரி வரை. கத்திரி வெயிலில் நம்மூர் 40 டிகிரியைத் தொடும். கூரியர் வண்டியிலும், பார்க்கிங்கில் நிற்கும் காரின் டேஷ்போர்டிலும் அதைவிடச் சூடு. ஆன்லைனில் வரவழைத்து, காரிலேயே இரண்டு நாள் போட்டுவைத்த கிட் சொல்லும் முடிவை எப்படி நம்புவது? கடையில் வாங்குங்கள், காலாவதித் தேதி பாருங்கள், வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். சி என்ற கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது என்பதையும் பயன்படுத்தும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். குறித்த நேரத்துக்குப் பிறகு, அதாவது கோவிசெல்ஃப் போன்றவற்றில் 20 நிமிஷம் தாண்டி, தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஒரு நெகட்டிவோடு நிறுத்தவும் கூடாது. 2022 ஆகஸ்டில் அமெரிக்க எஃப்.டி.ஏ. சொன்னது: அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை, அறிகுறி இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மூன்று. ஐ.சி.எம்.ஆர். அறிவுரையும் அதே திசைதான்: அறிகுறி இருந்தும் கிட் நெகட்டிவ் காட்டினால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தாக வேண்டும்.

"ஆதார் அனுப்புங்க, அரை மணியில ரிப்போர்ட்!"

விதி வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் இந்த வியாபாரம் முளைக்கும். மூக்கில் குச்சியே படாமல் நெகட்டிவ் ரிப்போர்ட். 2021 ஹரித்வார் கும்பமேளாவில் ஒரு லட்சம் சோதனை முடிவுகள் போலி என்று விசாரணையில் வெளிவந்த நாடு இது. மாட்டினால் போலி ஆவண வழக்கு. நோய் பரப்பும் செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 271, 272 பிரிவுகளில் சிறைத்தண்டனையும் உண்டு. பணம் போவது ஒரு பக்கம், குடும்பத்தின் ஆதார், பாஸ்போர்ட் நகல் யார் கையிலோ போய்ச் சேர்வது இன்னொரு பக்கம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கிட்டுக்குத் தெரியாத வைரஸ்

கப்பல்களில் அடிக்கடி கிளம்புவது கொரோனா மட்டும் இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸைக் கொரோனா கிட் காட்டாது. சானிடைசரும் அதனிடம் பெரிதாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் உண்டு. பஃபேயில் கரண்டியைத் தொட்ட கையோடு பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்.

பணம் கட்டும் முன்

1. எந்தச் சோதனை, எத்தனை மணி நேரத்துக்குள், யார் முன்னிலையில்? டிராவல்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். 'அதெல்லாம் பாத்துக்கலாம் சார்' என்பது பதில் இல்லை.

2. ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தால் அதே கேபினில் இருக்கும் மற்றவர்களின் கதி என்ன, பணம் திரும்புமா, வேறு தேதி கிடைக்குமா?

3. இ.எஸ்.ஐ. கார்டை நீட்டினால் கப்பல் டாக்டர் பில் தீராது. கம்பெனி மெடிக்ளைம் கடலிலும் இலங்கையிலும் செல்லுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். செல்லாவிட்டால் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள்.

4. சமீபத்தில் தொற்று வந்து குணமானவருக்குப் பி.சி.ஆர். சோதனை வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். டாக்டரிடம் குணமான சான்று வாங்கிவையுங்கள்.

5. வீட்டில் யாருக்காவது அறிகுறி தெரிந்தால் 104 சுகாதார உதவி எண் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்து, ரிப்போர்ட்டும் நெகட்டிவாக இருந்து, கிளம்பும் அன்று காலை ஒருவருக்குத் தொண்டை கரகரத்தால்? மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டுப் படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடிக்காதீர்கள். உடனே டிராவல்ஸ்காரரை அழைத்துத் தேதி மாற்றச் சொல்லுங்கள். கரையில் இருக்கும்வரை நஷ்டம் டிக்கெட் பணம் மட்டும்தான். கப்பல் கிளம்பிவிட்டால் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியோடு, பக்கத்து கேபின் தாத்தா பாட்டியும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.