முற்றத்துச் சேவலும் அதன் முரட்டுக் குணமும்

விடியற்காலையில் ஈர்க்குமாற்றுடன் முற்றம் கூட்டப் புறப்படும் பெண்மணி, சேவல் எந்தப் பக்கம் நிற்கின்றது என்று பார்த்த பின்னரே படியிறங்குகின்றாள் என்றால், அவ்வீட்டின் உண்மையான தலைவர் யார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதகாலம் இந்நிலைமையே நிலவியது. அயலவர்கள் சிரித்தார்கள். முதலில் நாங்களும் சிரித்தோம். ஆச்சியின் காலில் இரத்தம் வழிந்த அன்றுதான் சிரிப்பு நின்றது.

அச்சேவலின் வரலாறு சிறிது பரிதாபமானது. அடைவைத்த பத்து முட்டைகளில் ஏழு பொரித்தன. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோயிற்று. குஞ்சுகளைக் காகமும் பிராந்தும் ஒவ்வொன்றாகக் கவர்ந்து சென்றன. எஞ்சிய ஒன்றை என் இளைய மகன் கடகத்துள் வைத்து, குறுணலும் தேங்காய்ப்பூவும் ஊட்டி வளர்த்தான். அவன் பாடம் படிக்கும்போது அது புத்தகத்தின்மேல் ஏறி நிற்கும். அவன் கையை மடக்கி நீட்டினாலோ, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு துள்ளி வந்து கொத்தும். உள்ளங்கையளவு குஞ்சு போருக்கு நிற்பதைக் கண்டு வீடு முழுவதும் கைகொட்டி மகிழ்ந்தது. 'ராசா' என்று பெயரும் சூட்டியாயிற்று. பின்னர் வந்த வினைக்கெல்லாம் அவ்விளையாட்டே வித்து என்பதை அப்பொழுது எவரும் எண்ணவில்லை.

சேவற்குஞ்சு நான்கு ஐந்து மாதங்களிற் பருவமடையத் தொடங்குகின்றது. கொண்டையும் தாடியும் சிவந்து பெருக்கின்றன, கரகரத்த குரலிற் கூவிப் பழகுகின்றது, கால்முள் அரும்புகின்றது. இவற்றோடு ரோஷமும் கூடவே வருகின்றது. இதற்கெல்லாம் மூலகாரணம் விரையிற் சுரக்கும் ஓமோன். ஓமோன் என்ற சொல்லே தோன்றாத காலத்தில், 1849ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கெற்றிங்கன் நகரத்துப் பேராசிரியர் பேர்தோல்ட் என்பவர் ஆறு சேவற்குஞ்சுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். விரைகள் முற்றாக நீக்கப்பட்டவை கொண்டை சிறுத்து, கூவாமலும் போரிடாமலும் சாதுவாகிவிட்டன. விரையொன்று வயிற்றறையுள் மீண்டும் வைக்கப்பெற்றவையோ வழக்கம்போலக் கூவின, பேடுகளைத் தேடின, சண்டையிட்டன. ஆகவே சேவலின் சினத்தைக் கெட்ட குணமென்று வைவது, மழை பெய்ததற்காக மேகத்தை வைவதைப் போன்றதே.

ஆனால், எல்லாச் சேவல்களும் மனிதரைத் தாக்குவதில்லையே! எங்கள் ராசா மட்டும் ஏன் தாக்கிற்று? இதற்கு விடையளித்தவர், கோழி வளர்ப்பிலேயே தலைநரைத்த அயல்வீட்டுப் பெரியம்மா ஒருவர். "பிள்ளை, அது உங்களை மனிசர் எண்டு நினைக்கேல்லை. தன்னைப்போல இன்னொரு சேவல் எண்டு நினைக்குது. நீங்களும் அதோடை சரிக்குச் சரி சண்டை பிடிக்கிறியள்," என்றார்.

அவர் கூற்றிற் பெரும் உண்மை இருந்தது. கோழிக் கூட்டத்தில் யார் மேல், யார் கீழ் என்றொரு வரிசை உண்டு. மேலுள்ளது கொத்தும், கீழுள்ளது விலகும். நோர்வே நாட்டவரான ஷெல்டெரப்-எப்பே என்பார் சிறுபராயம் முதற் கோழிகளைக் கூர்ந்து நோக்கி, 1920களின் தொடக்கத்தில் இவ்வரிசையைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். தாய்க்கோழியிடம் வளரும் குஞ்சுக்கு மனிதரிடத்து இயல்பான ஓர் அச்சம் எஞ்சியிருக்கும், எட்டத்திலேயே நின்றுகொள்ளும். தனியே கையில் வளர்ந்த சேவலுக்கு அவ்வச்சம் அற்றுப்போகின்றது. பருவம் வந்ததும், தன் வரிசையில் எம்மையும் சேர்த்து வைத்து, மேலேறப் பார்க்கின்றது. நட்பு மிகுதியாற் பகை விளைவது மனிதருள் மட்டுமன்று போலும்.

பெரியம்மா சொன்ன பின்னர் நாங்கள் செய்துவந்த பிழைகள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின. மகன் ஓடினான், ஓடுபவன் தோற்றவன் என்று சேவல் முடிவு கட்டிற்று. வீட்டுக்காரர் காலால் உதைத்தார். உதைத்தால், அறைகூவலை ஏற்றுக்கொண்டதாகவே அது கருதும். ஆச்சி விளக்குமாற்றால் அடித்தார். அதன் பின் விளக்குமாற்றைக் கண்டாலே பாயத் தொடங்கிற்று. நானோ, கறிக்கென்று ஒரு பேட்டைப் பட்டப்பகலில் அதன் கண்முன்னே துரத்திப் பிடித்தேன். பேடு அலறினால் எந்தச் சேவல்தான் சும்மா நிற்கும்? கோழி பிடிப்பதாயின் இரவில் அவை தூங்கும் கொப்பிலேயே பிடித்தல் வேண்டும். இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது; சந்தடியும் எழாது.

சேவல் பாயுமுன் அறிகுறி காட்டாமல் இருப்பதில்லை. ஒரு செட்டையை நிலத்தில் உரசத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடியெடுத்து வட்டமிடும். இரையே இல்லாத இடத்தில் நிலத்தைக் கொத்தும். ஒரு கண் மட்டும் எம்மீதே இருக்கும். கழுத்து மயிர் குடைபோல் விரிந்தால் அடுத்தது பாய்ச்சல். அந்நேரத்தில் ஓடவும் கூடாது, முதுகு காட்டவும் கூடாது, கையோங்கவும் கூடாது. நின்ற இடத்தில் அசையாது நின்று, சேவல் தணிந்த பின்னர், ஏதும் நடவாததுபோல மெதுவாக அதன் பக்கமாகவே நடந்து சென்று, அதனை விலகச் செய்தல் வேண்டும். கையில் ஒரு சுளகு இருந்தால் நன்று. அடிப்பதற்கன்று, இடையில் மறைப்பாகப் பிடிப்பதற்கு. வெறுங்காலுடன் கோழிக்கூட்டுப் பக்கம் போகலாகாது.

அடங்காத சேவலைத் தூக்குவதே கைகண்ட உபாயம். செட்டைகள் இரண்டையும் உடலோடு சேர்த்து அணைத்து, கால்களை விரல்களுக்கிடையிற் பிடித்து, அலகு முகத்துக்கு எட்டாதபடி கக்கத்துள் இடுக்கிக்கொண்டு, எம் வேலையை நாம் பார்க்கலாம். திமிறும், திமிறும்போது விட்டுவிட்டால் வென்றது அதுவே. உடல் தளர்ந்து அமைதியடைந்த பின்னரே இறக்கிவிடல் வேண்டும். நான் ஒரு கையில் ராசாவும் மறு கையில் அகப்பையுமாக நின்று சமைத்த நாட்களும் உண்டு. இரண்டு கிழமையில் என்னிடத்தும் வீட்டுக்காரரிடத்தும் அது வாலாட்டவில்லை. பெரியவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே தோற்றாலன்றி அதற்குப் புத்தி வராது என்பதையும் அப்பொழுதே கண்டோம்.

சேவலின் பக்கமும் இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இரை கண்டால் தான் உண்ணாது, கொக்கரித்துப் பேடுகளை அழைக்கும். வானத்திற் பிராந்து தெரிந்தால் ஒருவிதக் குரல், நிலத்தில் நாயோ கீரியோ வந்தால் வேறொரு குரல். பேடுகள் அதற்கேற்ப ஒளிக்கும் அல்லது தலைநிமிர்ந்து பார்க்கும். முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவருக்குச் சேவலே தேவையில்லை. அஃதின்றியும் பேடு முட்டையிடும். குஞ்சு வேண்டுவோர் எட்டு அல்லது பத்துப் பேடுகளுக்கு ஒன்று வைத்தாற் போதும். பேடுகள் குறைந்த வளவில் இரண்டு சேவல்கள் நின்றாற் போரும் ஓயாது, பேடுகளின் முதுகில் இறகும் மிஞ்சாது.

கந்தபுராணம் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். மாமரமாய் நின்று பிளவுண்ட சூரன் மயிலும் சேவலுமாகிச் சினந்து வந்தபோது, முருகப்பெருமான் அவற்றைக் கொல்லவில்லை. ஒன்றை வாகனமாகவும் மற்றொன்றைக் கொடியாகவும் ஏற்றருளினார். என் மகனும் இதையே எடுத்துக்காட்டி ராசாவுக்காக வாதாடினான். ஏனெனில், வீட்டில் அப்பொழுது வழக்கு நடந்துகொண்டிருந்தது. சட்டியில் ஏற்றுவதே தீர்வு என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

அவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆச்சிக்குச் சலரோகம் உண்டு. கெண்டைக்காலிற் பட்ட முள்ளுக்காயம் ஆற ஐந்து கிழமை சென்றது. அன்றே சவர்க்காரமிட்டுக் கழுவி, வைத்தியரிடம் கொண்டுபோய் ஏற்புவலி ஊசி போட்டோம். கோழிக் காயத்தைச் சிறிதென்று எண்ணி மஞ்சளைப் பூசிவிட்டு இருந்துவிடுதல் தவறு. 2019ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஒரு மருத்துவ அறிக்கையின்படி, முட்டை பொறுக்கச் சென்ற முதிய பெண்மணி ஒருவர், காலிற் புடைத்திருந்த நாளத்தைச் சேவலொன்று கொத்தியதனாற் குருதி பெருகி உயிரிழந்தார். அரிதினும் அரிது என்றாலும், முதியோர் உள்ள வீட்டினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

முள்ளின் நுனியை அராவி மழுங்கச் செய்து பார்த்தோம். நுனியை மட்டுமே அராவலாம். முள்ளின் உள்ளே எலும்பும் இரத்தவோட்டமும் உண்டு. மழுங்கிய முள்ளுடன் ராசா இன்னும் சில நாட்கள் எங்களுடன் இருந்தது. அப்பொழுதுதான் மூத்த மகள் தன் இரண்டு வயதுக் குழந்தையுடன் வீட்டுக்கு வந்தாள். குழந்தை முற்றத்தில் இறங்கியதும் சேவல் செட்டையைத் தாழ்த்திற்று. குழந்தையின் கண்ணும் சேவலின் பாய்ச்சலும் ஒரே உயரம். நான் ஓடிச்சென்று தூக்கிய அந்தக் கணத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகின்றது. பெரியவரைக் கண்டு அடங்கிய சேவல் குழந்தையைக் கண்டு அடங்குவதில்லை. நிற்கவும், தூக்கவும், வரிசை கற்பிக்கவும் குழந்தையால் இயலுமோ? எத்தனை பழக்கினாலும், சிறு குழந்தை நடமாடும் முற்றத்தில், ஒருமுறை மனிதரைத் தாக்கிப் பழகிய சேவலை அவிழ்த்துவிடலாகாது என்பதே என் தீர்ந்த முடிவு.

அன்றிரவு மகன் உணவு கொள்ளவில்லை. சட்டிக்கும் முற்றத்துக்கும் இடையில் ஒரு வழி தேடினோம். குழந்தைகளோ முதியோரோ இல்லாத உறவினர் ஒருவரின் வாழைத்தோட்டத்தில், உயர்ந்த வேலியடைத்த பகுதிக்குள் ராசாவை விட ஒழுங்காயிற்று. பெரியம்மா வீட்டுச் சாதுச் சேவலின் வழிவந்த ஒன்றை நாங்கள் வாங்கிக்கொண்டோம். குணமும் ஓரளவு தகப்பன் வழியே வருமென்பது அவர் துணிபு, ஆராய்ச்சியாளரும் மறுக்காதது. அதனைத் தாய்க்கோழியோடேயே வளரவிட்டோம். பழைய சேவல் போன பின்னரும் இரண்டு மூன்று கிழமைக்கு முட்டைகளில் அதன் கரு இருக்கக்கூடுமாதலால், அடைவைப்பதைச் சிறிது தள்ளிப்போட்டோம்.

ஞாயிறுதோறும் மகன் சைக்கிளில் அத்தோட்டத்துக்குப் போய்வருகின்றான். சென்ற கிழமை நானும் உடன் சென்றேன். வேலிக்கு அப்பால் ராசா அவனைக் கண்டதும் ஒரு செட்டையைத் தாழ்த்தி வட்டமிட்டது. அவன் கையை மடக்கவில்லை. இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அது சலித்து வாழையடிக்குத் திரும்பும்வரை பேசாமல் நின்றுகொண்டிருந்தான்.