வண்டைக் கொல்லும் வாயு பென்குயின் மண்ணுக்கு எப்படி வந்தது?

பினாங்கு சூலியா தெருவிலோ, அதை ஒட்டிய லிட்டில் இந்தியாவிலோ ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். அரிசி, பருப்பு, மல்லி, காய்ந்த மிளகாய் என்று மூட்டைகள் அடுக்கியிருக்கும். கடல் கடந்து, வாரக்கணக்கில் பயணம் செய்து வந்த சரக்கு. இருந்தும் வண்டும் அந்துப்பூச்சியும் அவற்றைத் தின்று தீர்க்கவில்லையே, ஏன்?

உலகம் முழுவதும் தானியக் கிடங்குகளிலும் சரக்குப் பெட்டகங்களிலும் இதற்காகப் பெரிதும் பயன்படுவது பாஸ்பீன் என்ற வாயு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை மூட்டைகளுக்கு இடையே வைத்துக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு 1 கிராம் பாஸ்பீனை வெளியிடும். பூச்சியின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அது அடைத்துவிடுகிறது. மனிதருக்கும் அது கொடிய விஷம்தான். அதனால் முறையாகக் காற்றோட்டம் விட்ட பிறகே கிடங்கைத் திறப்பார்கள்.

இதே வாயு, ஆலையோ கிடங்கோ இல்லாத தென்துருவக் கண்டத்தின் மண்ணிலும் இருக்கிறது. அங்கே அதை யார் வைத்தார்கள்? இந்தக் கேள்விக்கான விடை, வெள்ளிக் கோளில் உயிர் உண்டா என்ற கேள்வி வரை நம்மை இழுத்துச் செல்கிறது.

பறக்காத தனிமம்

பாஸ்பரஸ் இல்லாமல் உயிர் இல்லை. நம் எலும்பு, பல், மரபுப் பொருளான டிஎன்ஏ, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் கார்பனையும் நைட்ரஜனையும் போல அது காற்றில் ஏறிப் பயணம் செய்வதில்லை என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். பாறை கரைந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து நமக்கு, கடைசியில் ஆற்றோடு கடலுக்கு என்று அதன் வழி எப்போதும் கீழ்நோக்கியே போகும்.

இதற்குக் காரணம் உண்டு. இயற்கையில் பாஸ்பரஸ் பெரும்பாலும் பாஸ்பேட்டாகவே கிடக்கிறது. அதில் ஒரு பாஸ்பரஸ் அணுவை நான்கு ஆக்சிஜன் அணுக்கள் இறுகப் பிடித்திருக்கும். அந்த நான்கையும் பிய்த்தெறிந்து, பதிலுக்கு மூன்று ஹைட்ரஜன் அணுக்களை ஒட்டவைத்தால்தான் பாஸ்பீன் கிடைக்கும். இதற்கு நிறைய ஆற்றல் செலவாகும். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிருக்கு இது கட்டுப்படியாகாத வியாபாரம் என்றே வேதியியலாளர்கள் கருதினர்.

1988இல் ஹங்கேரியைச் சேர்ந்த தேவாய் குழுவினர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பீனைக் கண்டறிந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினர். 1993இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகச் சேற்றிலும் அது கண்டறியப்பட்டது. 1669இல் ஹென்னிக் பிராண்ட் என்பவர் மனிதச் சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இதே ஹாம்பர்க் நகரில்தான். அடுத்து நெல் வயல்களிலும் பாஸ்பீன் அளக்கப்பட்டது. சாக்கடை, துறைமுகச் சேறு, நீர் தேங்கிய வயல் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது ஒன்று. அங்கெல்லாம் ஆக்சிஜன் குறைவு. மட்கும் பொருள் அதிகம்.

சதுப்பு நிலத்தில் இரவில் தீ மின்னுவதைக் கண்டு கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் ஊர்களில் பயந்தார்களே, அதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கமும் இந்த வாயுக் குடும்பம்தான். பாஸ்பீனோடு சிறிதளவு வரும் டைபாஸ்பேன் காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும். அது சதுப்பிலிருந்து எழும் மீத்தேனையும் கொளுத்தும் என்பது அந்த விளக்கம்.

எச்சம் சொன்ன சேதி

துருவத்துக்கு வருவோம். சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரென்பின் சூ குழுவினர், அண்டார்க்டிகா கடலோரக் காற்றிலும் மண்ணிலும் பாஸ்பீனை அளந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் ஆய்வு செய்த இடங்களில் லார்ஸ்மன் குன்றுகளும் ஒன்று. இந்தியாவின் ‘பாரதி’ ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்குவதும் அதே குன்றுப் பகுதியில்தான்.

மண்ணில் பாஸ்பீன் வெறும் வாயுவாக மட்டும் இருப்பதில்லை. மண் துகள்களுக்குள்ளும் சிறைப்பட்டிருக்கும். அமிலமோ காரமோ சேர்த்துச் சூடாக்கினால் வெளியே வரும். அப்படி அளந்தபோது, விலங்குகள் அண்டாத மண்ணைவிட, பென்குயினும் கடல்நாயும் கூட்டமாக வாழும் இடங்களின் மண்ணில் அது மிக அதிகமாக இருந்தது.

பென்குயின் தின்பது கிரில். நம் பெலாச்சானுக்குப் பயன்படும் கூனியைப் போன்ற சிறு கடலுயிர் அது. கடலில் கரைந்த பாஸ்பரஸ் கிரில் வழியாகப் பென்குயினுக்குள் போய், எச்சமாகக் கரையேறுகிறது. கீழ்நோக்கியே ஓடும் பாஸ்பரஸைக் கடலிலிருந்து மறுபடி நிலத்துக்குத் தூக்கி வரும் சுமையாட்கள் இந்தப் பறவைகள். எச்சம் படிந்த ஈர மண்ணில் ஒரு சிறு பங்கு பாஸ்பீனாகிறது.

அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல நாடுகளில் தொழிலாளருக்கு அனுமதிக்கப்படும் வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு. அதாவது ஒரு கன மீட்டரில் சுமார் 4 லட்சம் நானோகிராம். துருவக் காற்றில் இருப்பதோ இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. பகல் வெளிச்சத்தில் அது சில மணி நேரத்தில் சிதைந்து, மறுபடி பாஸ்பேட்டாகி மண்ணிலோ பனியிலோ விழும்.

உயிரின் அடையாளமா?

2020 செப்டம்பரில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜேன் கிரீவ்ஸ் குழுவினர், வெள்ளிக் கோளின் மேகங்களில் பாஸ்பீன் இருப்பதாக அறிவித்தனர். நூறு கோடிக்கு ஏறத்தாழ 20 பங்கு என்றார்கள். பிறகு அவர்களே அதைக் குறைத்தார்கள். அது பாஸ்பீனே அல்ல, கந்தக டைஆக்சைடு என்று வேறு சிலர் வாதிட்டனர். சச்சரவு இன்னும் ஓயவில்லை.

வியாழனிலும் சனியிலும் பாஸ்பீன் உண்டு. அங்கே அதை ஆக்குவது அடியாழத்தின் கடும் வெப்பமும் அழுத்தமும். பூமியிலோ அது உயிர்கள் மொய்க்கும் இடங்களில் கிடைக்கிறது. ஆகவே வெள்ளி போன்ற பாறைக் கோளில் அது தென்பட்டால் அங்கே உயிர் இருக்கலாம் என்பது வாதம்.

இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாஸ்பேட்டைப் பாஸ்பீனாக்கும் நொதி எதுவும் இதுவரை பிடிபடவில்லை. நுண்ணுயிரே செய்கிறதா, எச்சம் அழுகும்போது தானாக வருகிறதா என்பது தீரவில்லை. பாறையை ஆய்வகத்தில் அரைத்தாலே சிறிது பாஸ்பீன் வெளிவருவதையும், மின்னலைப் போன்ற மின்பொறி அதை உருவாக்குவதையும் ஜெர்மன் வேதியியலாளர் டீட்மார் கிளிண்டமன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். துருவத்தில் பனியாறுகள் பாறையை இரவும் பகலும் அரைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

நம் காலடி மண்ணில் இது எப்படி உண்டாகிறது என்று தெரியாமல், கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அதைக் கண்டு ‘உயிர்’ என்று சொல்லிவிட முடியுமா? அதனால்தான் துருவ மண் முக்கியமாகிறது. அங்கே ஆலைப் புகை இல்லை, உரம் இல்லை. எச்சம் உள்ள மண்ணையும் இல்லாத மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இப்படிப்பட்ட சுத்தமான சோதனைக்கூடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

நமக்கும் இதில் இடமுண்டு. அண்டார்க்டிகா உலகத்தின் பொதுச் சொத்து என்று 1982இல் ஐ.நா. பொதுச்சபையில் குரல் கொடுத்த மலேசியா, 2011இல் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அங்கே போய் வந்திருக்கிறார்கள். இந்தியா 2028இல் வெள்ளிக்கு விண்கலம் அனுப்பத் திட்டமிட்டுள்ளது. வானத்திலிருந்து வரப்போகும் தரவுகளைச் சரியாகப் படிக்க வேண்டுமானால், பென்குயின் எச்சத்துக்கான கணக்கை அதற்குள் முடித்தாக வேண்டும்.