புது வண்டி வந்தாச்சு... ஓட்டி வந்தவர் எப்படித் திரும்பிப் போவார்?

திண்டுக்கல் – மதுரை நான்குவழிச் சாலையில் இந்தக் காட்சியை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். மேலே கூரை இல்லை, முன்னால் கண்ணாடி இல்லை, பக்கத்தில் கதவு இல்லை. வெறும் இரும்புச் சட்டம், இன்ஜின், சக்கரங்கள். ஒற்றை சீட்டில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓட்டிப் போவார். "என்னப்பா, பாதி வண்டியை ஓட்டிட்டுப் போறாரு?" என்று பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் பாதி வண்டிக்குப் பெயர் சேஸிஸ். பாடி கட்டி முடித்தால், நாளைக்கு நாம் ஏறும் பஸ்ஸாகவோ லாரியாகவோ மாறும். அதை ஓட்டி வருபவர் வண்டி டெலிவரி டிரைவர். வண்டியில் சரக்கு கொண்டு வருபவர் அல்ல. வண்டியே அவருக்குச் சரக்கு.

யார் இந்த டிரைவர்கள்?

கார்களும் பைக்குகளும் டிரெய்லரில் ஏறி ஷோரூமுக்கு வந்துவிடும். கனரக வண்டிகளைப் பெரும்பாலும் ஓட்டித்தான் கொண்டுவர வேண்டும். 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்ட் நிறுவனத்துக்கு எண்ணூரிலும் ஓசூரிலும் ஆலைகள் உள்ளன. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வருவது தேசிய நெடுஞ்சாலை 44. பஸ் பாடி கட்டுவதற்குப் பெயர்போன கரூரிலேயே நின்றுவிடும் சேஸிஸ்கள் உண்டு. மற்றவை மதுரைக்கும், அதைத் தாண்டி விருதுநகர், நெல்லைப் பக்கமும் போகும்.

ஓட்டுபவர் பெரும்பாலும் வண்டி கம்பெனியின் ஊழியர் அல்ல. வண்டிகளைக் கொண்டு சேர்க்க ஒப்பந்தம் எடுத்தவரிடம் டிரிப் கணக்கில் வேலை பார்ப்பவர்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் முதல் வேலை, வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது. ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், பேட்டரி எல்லாம் இருக்கிறதா, எங்காவது கீறல் உண்டா என்று சரிபார்க்க வேண்டும். இங்கே கவனிக்காமல் விட்ட கீறலுக்கு, இறக்கும் இடத்தில் டிரைவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பில், சலான், இன்சூரன்ஸ், தற்காலிகப் பதிவு அல்லது டிரேடு சர்டிபிகேட் கையில் இருக்க வேண்டும். தற்காலிகப் பதிவு வண்டிக்கு மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. டீலரின் டிரேடு சர்டிபிகேட்டில் ஓடுவதற்குச் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. வழியில் போலீஸ் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய். அடிக்கடி விபத்து நடக்கும் இறக்கம். லோடு இல்லாத வண்டிதானே, சுலபம் என்று நினைப்போம். உண்மையில் கனரக வண்டியின் பிரேக், லோடு ஏற்றிய எடையை மனதில் வைத்து அமைக்கப்படுவது. பின்னால் எடையே இல்லாவிட்டால் வண்டி குதிக்கும். சடன் பிரேக் போட்டால் பின்சக்கரம் வழுக்கப் பார்க்கும். இதில் கண்ணாடியும் இல்லையென்றால் தூசி, பூச்சி, மழை எல்லாம் நேராக முகத்தில்தான்.

டோல்கேட்டில் இன்னொரு சிக்கல். 2017 டிசம்பர் முதல் புது நான்கு சக்கர வண்டிகளில் ஃபாஸ்டேக் ஒட்டித்தான் விற்க வேண்டும். ஆனால் முன்கண்ணாடி இல்லாத சேஸிஸுக்கு மட்டும் விலக்கு. உரிமையாளர் பதிவுக்கு முன்பு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்ட கண்ணாடியே இல்லையே! அதே நேரம், 2025 நிலவரப்படி ஃபாஸ்டேக் இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. வழிச்செலவு என்று மொத்தமாக ஒரு தொகை வாங்கி வரும் டிரைவருக்கு, டீசலிலும் டோலிலும் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு.

கோடைரோடு டோல்கேட், வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டி டீலர் யார்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி: "வண்டி பத்திரமா வந்துச்சா?" மறுபடியும் ஒரு சுற்றுப் பரிசோதனை. சலானில் கையெழுத்து வாங்கினால்தான் டிரிப் முடிந்தது.

வண்டிக்கு 2 நாள், டிரைவருக்கு?

ஓசூர் – மதுரை ஏறக்குறைய 400 கி.மீ. சராசரியாக 45 கி.மீ. வேகம் என்று வைத்தால், சாப்பாடு, டீ நேரம் சேர்க்காமலே சுமார் 9 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது, அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் நாளைக்கு 8 மணி நேரம்தான்.

சரக்குக்கான இ-வே பில்லைப் பாருங்கள். 200 கி.மீ.-க்கு ஒரு நாள் என்று கணக்கு. அதாவது இந்த வண்டி மதுரை வந்து சேர 2 நாள் அவகாசம் உண்டு. ஆனால் டிரைவரின் கூலி டிரிப்புக்கு. 2 நாளில் ஓட்டினாலும் ஒரே நாளில் ஓட்டினாலும் அதே தொகை என்றால், யார்தான் வழியில் படுத்துத் தூங்கிவிட்டு வருவார்?

ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஓட்டிய நேரத்தை வண்டியில் உள்ள டேக்கோகிராஃப் கருவியே பதிவு செய்துவிடும். இங்கே 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளைப்போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். சட்டத்தில் மணிக்கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதை எண்ணத்தான் ஆள் இல்லை.

அப்புறம், திரும்பும் வழி

எந்தக் கணக்கிலும் வராத பகுதி இதுதான். போகும்போது வண்டி இருந்தது, வரும்போது இல்லை. யார்டிலிருந்து ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து சேலம் பஸ், சேலத்தில் இறங்கி ஓசூர் பஸ். ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே தூக்கம். திரும்பும் டிக்கெட்டும் டிரிப் தொகைக்குள் அடக்கம் என்றால், அந்த 400 கி.மீ. பயணத்துக்குத் தனிக் கூலி கிடையாது. விடிந்ததும் அடுத்த வண்டிக்கு வரிசையில் நின்றால், காகிதத்தில் அது 'புது நாள்'. உடம்புக்கு அது நேற்றைய நாளின் தொடர்ச்சி.

அடுத்த முறை நான்குவழிச் சாலையில் கூரையில்லாத வண்டியைப் பார்த்தால், அதன் முன்னால் பைக்கை வெட்டி நுழைக்காதீர்கள். பிரேக் உடனே பிடிக்காமல் போகலாம். ஓட்டுபவரும் நேற்று ராத்திரி முழுக்க பஸ் சீட்டில்தான் தூங்கியிருக்கலாம்.