அண்ணத்து வடு

கிரகண வேளையில் கர்ப்பிணி அரிவாளைத் தொட்டதனாலேயே பிள்ளையின் உதடும் அண்ணமும் பிளந்தன என்று திருப்பனந்தாள் வட்டாரத்துப் பாட்டிமார் சொல்வதுண்டு. இருபுறத்திலிருந்தும் வளர்ந்து வந்து கர்ப்பத்தின் 3-ஆம் மாத வாக்கில் நடுவே கூட வேண்டிய அண்ணத்தின் பாதிகள் கூடாமற்போவதே பிளவு. கிரகணத்துக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. ஆனால் அதைத் தைத்து மூடிய பின்னரும், குழந்தை வளர வளர மேற்பல் வரிசை குறுகிக் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக விழுவானேன், அது பிறவியின் குறையா, கத்தியின் குறையா என்னும் வினா வைத்தியர்களையே நெடுநாள் மயக்கிற்று.

விடை பெரிதும் கிடைத்தது இலங்கையில். 1980-களில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸும் அவருடைய குழுவினரும் காலி நகரில், சிகிச்சையே பெறாமல் வயதுக்கு வந்துவிட்ட பலரைப் பரிசோதித்தபோது, பிளவு அப்படியே இருக்க, அவர்களுடைய மேல்தாடை மட்டும் பெரும்பாலும் இயல்பாக முன்னோக்கி வளர்ந்திருக்கக் கண்டனர். ஆண்களைப் பற்றிய அந்த ஆராய்ச்சி 1990-இல் வெளிவந்தது. ஆகையால் சஸ்திர சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது: அவர்களுடைய பேச்சு மூக்கில் ஒழுகிப் பிறருக்கு விளங்காமற் கிடந்தது.

குற்றவாளி வடு. 1861-இல் ஜெர்மானியரான லாங்கன்பெக் காட்டிய வழியில், பற்களின் உட்புற ஓரமாகக் கீறி, எலும்பைப் போர்த்திய சவ்வைப் பெயர்த்து இருபுறமிருந்தும் நடுவுக்கு நகர்த்தித் தைக்கும்போது, ஓரங்களில் எலும்பு வெறுமையாக நிற்கிறது. பேச்சுக்காக அண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளி நீளமாக்கும் வோ, வார்டில், கில்னர் முறையிலோ முன்புறத்திலும் வெற்றெலும்பு மிகுதி. அங்கே விளையும் வடு இறுகிச் சுருங்கி, வளரும் தாடையை ஆண்டுக்கணக்கில் உள்ளே இழுக்கிறது. மெல்லண்ணத்தை எதிரெதிரான இரு இசட் வடிவக் கீறல்களால் நீட்டும் பர்லோ முறை வல்லண்ணத்து எலும்பை அவ்வளவாக வெறுமையாக்குவதில்லை. ஷ்வெக்கன்டீக் என்பவரோ மெல்லண்ணத்தை மட்டும் முதலில் மூடி, வல்லண்ணத்தைப் பல்லாண்டுகள் ஒத்திவைத்தார். தாடை செழித்தது, பேச்சு கெட்டது. இவ்விரண்டில் ஒன்றையே காக்க முடியுமென்றால் நான் பேச்சையே காப்பேன். பல்லைப் பின்னர் திருத்தலாம், குழறிப் பழகிய நாவைத் திருத்துவது அரிது.

பல்வரிசைகளின் அச்செடுத்து 5 தரங்களாக மதிப்பிடும் காஸ்லன் அளவுகோல் 1987-இல் வந்த பின்னரே, எந்த மருத்துவமனையின் கை எப்படி என்று ஒப்பிட வழி பிறந்தது.

எங்கள் ஊரான திருப்பனந்தாளில் அரசனுடைய யானைகள் இழுத்தும் நிமிராத லிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் பூட்டிய கயிற்றால் நிமிர்த்தினார் என்பது புராணம். பல்சீரமைப்பு வைத்தியரும் பெரும்பலத்தை நம்புவதில்லை. மெல்லிய கம்பியால் மாதக்கணக்கில், வடுவின் இழுப்புக்கு எதிராகக் குறுகிய தாடையைச் சிறிது சிறிதாக விரிக்கிறார். பல்லீறு எலும்பிலும் பிளவு ஓடியிருந்தால், 8 முதல் 11 வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய துகளை அவ்விடைவெளியில் நிரப்புகிறார்கள்; மேலே காத்திருக்கும் கோரைப்பல் சில மாதங்களில் அந்தப் புது எலும்பினூடே தானாகவே இறங்கி வருகிறது.