தாழ்வாரத்தில் நிற்கும் சைக்கிள்கள்

எந்த வீவக புளோக்கிலும் தாழ்வாரத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். செருப்பு அடுக்கு, துளசிச் செடி, காயும் துணி இவற்றுக்கு நடுவே காற்று இறங்கிய டயருடன் ஒரு சைக்கிளாவது சுவரில் சாய்ந்திருக்கும். கைப்பிடியில் குடை தொங்கும், இருக்கையில் தூசு படிந்திருக்கும். பல நேரம் அது துருப்பிடித்த பழைய வண்டியும் அல்ல. கியர் வைத்த, நல்ல விலை கொடுத்து வாங்கிய வண்டி. நாற்பதைத் தொட்ட யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஜனவரியில் ஆசையாக வாங்கியது.

வாங்குவது சுலபம். ஐந்தாவது மாதத்திலும் அதில் ஏறுவதுதான் பெரும்பாடு. சைக்கிள் ஓட்டத் தொடங்கிய இந்த ஒன்றரை ஆண்டில், வழியில் பழக்கமான ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நீங்க எப்படி நிறுத்தாம இருக்கீங்க?”

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. வானொலிப் படைப்பாளர் வேலையில் உழைப்பது வாய் மட்டும். ஒலிப்பதிவு அறையில் நான்கு மணி நேரம், அதற்கு முன்பு கணினிக்கு எதிரே நான்கு மணி நேரம். 38 வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சாப்பிடுவதற்கு முந்தைய சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. நீரிழிவு இல்லை, ஆனால் வாசல்வரை வந்துவிட்டது. என் அப்பாவுக்கு 42 வயதில் நீரிழிவு. 58 வயதில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் செருப்புப் போடும்போது அந்தக் காலைப் பார்க்காமல் இருக்கப் பழகியவன் நான். எனக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கு அந்தப் பழக்கம் வரக்கூடாது.

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிதமான என்றால் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இதை நான் என் தொழில் வழியில் சோதித்துக்கொள்கிறேன். மிதித்தபடியே அன்றைய வானிலை அறிக்கையை வாசிப்பேன். வாக்கியத்துக்கு ஒரு மூச்சு போதும் என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தலாம். ‘இடியுடன் கூடிய’ என்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிரே வரும் அங்கிள்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

நிறுத்திவிட்டவர்களிடம் பேசினால் முதலில் சொல்வது நேரமின்மை. இன்னும் கொஞ்சம் பேசினால் முழங்கால் வலி, இடுப்பு வலி, உட்கார முடியாத வலி என்று உண்மை வரும். இவற்றில் பாதிக்கு வயது காரணமல்ல, இருக்கையின் உயரம்தான் காரணம். என் வண்டியைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒரே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்: “உட்கார்ந்து குதிகாலை மிதியில வைங்க தம்பி. மிதி கீழ போறப்போ கால் நேரா நீளணும். அதான் உங்க உயரம்.” ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம். அப்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். கனமான கியரில் முக்கி முக்கி மிதித்தாலும் அதே கதைதான். இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுவதே மூட்டுக்கு நல்லது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை கூச்சமாக இருக்கலாம். பத்து கிலோமீட்டருக்கு மேல் போனால் கூச்சம் போய்விடும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீண்ட தூரம் புறப்பட வேண்டாம். சில மருந்துகளுடன் உடற்பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கிவிடும். பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம் என்றால் இறங்கிவிடுங்கள், அதில் வீரம் வேண்டாம்.

இனி என் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் எனக்கு மிகப் பிடித்தது.

பொங்கோலில் சனிக்கிழமை காலை எங்களுடன் ஓட்டும் ஓர் அக்காவுக்கு வயது 53. பாலர் பள்ளியில் வேலை. கல்யாணமாகி இங்கு வருவதற்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தவர். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். அவர்களில் இந்த அக்காவும் ஒருவர். “பின்னாடி குடம் கட்டிக்கிட்டு தண்ணி எடுக்கப் போவேன். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, யாரையும் கூட்டிட்டுப் போன்னு கெஞ்ச வேண்டியதில்ல” என்றார்.

சிங்கப்பூர் வந்தபின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் சைக்கிளைத் தொடவில்லை. பிள்ளைகள், வேலை, மாமியாருக்குப் பணிவிடை. முழங்கால் தேய்மானம் ஆரம்பித்துவிட்டது, உடல் எடை மூட்டில் விழாத பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மகனின் பழைய வண்டியை எடுத்தார். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “உடம்புக்குன்னு நெனச்சிருந்தா எப்பவோ நிறுத்தியிருப்பேன் தம்பி. வாரத்துல அந்த ரெண்டு மணி நேரம் நான் யாருக்கும் சோறு போட வேணாம்.”

இதைக் கேட்டபின் என் கைப்பேசிச் செயலியின் வரைபடங்கள்மீது எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கலோரி என்பதெல்லாம் முதல் இரண்டு மாதம் உற்சாகம் தரும். பிறகு எண்கள் ஒரே இடத்தில் நிற்கும், சலிப்பு வரும். காலை ஆறேகாலுக்கு புளோக்கின் கீழே யாரோ காத்திருக்கிறார்கள் என்றால் எழுந்துதான் ஆக வேண்டும். ‘வரலையா அண்ணே?’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், அது எந்தப் பதக்கத்தையும்விட வேகமாக வேலை செய்கிறது.

நம் வானிலையும் சோதிக்கும். ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. வெயிலுக்கு முன் புறப்பட்டால் இருட்டு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். டிசம்பர், ஜனவரி பருவமழையில் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வாரங்களில் நாங்கள் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறோம். எலும்பு வலுவுக்குச் சைக்கிள் மட்டும் போதாது என்பதால் அது எப்படியும் தேவைதான்.

இடத்துக்குக் குறையில்லை. பொங்கோல், செங்காங் பகுதிகளை இணைக்கும் வடகிழக்கு ஆற்றோர வளையப் பாதை 26 கிலோமீட்டர். புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் கால்பகுதியைப் போய்த் திரும்பினாலே போதும். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் 25 என்பது வேக வரம்பு. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் வேண்டும். மடக்குச் சைக்கிள் வைத்திருப்பவர்கள், மடித்தபின் 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் எம்ஆர்டியில் ஏற்றிக்கொள்ளலாம். போகும்போது மிதித்து, களைத்தபின் ரயிலில் வீடு திரும்பலாம் என்ற தைரியமே ஆரம்பக்காரர்களுக்குப் பெரிய துணை.

ஜாலான் காயு பக்கம் போனால் புரோட்டா வாசனை வரும். எங்கள் குழுவில் இது பெரிய விவாதம். ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு இரண்டு முட்டைப் புரோட்டாவும் தே தாரேக்கும் உள்ளே போனால் கணக்கு எங்கே போய் நிற்கும்? வேண்டாம் என்று ஒரு கட்சி. அது இல்லையென்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு வெறும் புரோட்டா, கோப்பி ஓ கோசோங். அப்பா அருகில் இருந்தால் அதிலும் பாதியைப் பிய்த்துத் தன் தட்டுக்கு மாற்றிக்கொள்வார்.

ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது என் சர்க்கரை அளவு 5.6. சோறு குறைத்ததும் அதில் சேரும் என்றார் மருத்துவர், அடுத்த ஆண்டும் பரிசோதிக்கச் சொன்னார். அப்பா அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்தார். “சைக்கிள் டயர்ல காத்து இருக்கா பாரு” என்று மட்டும் சொன்னார்.

அக்கா இப்போது ரயில் காரிடார் முழுவதும் போகலாம் என்கிறார். 2011ல் ரயில் நின்றுபோன பழைய மலாயா ரயில் தடம், தெற்கு வடக்காக 24 கிலோமீட்டர். சில இடங்களில் மண் பாதை, மழை பெய்தால் சேறு. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறோம். பின்னிருக்கையில் தண்ணீர்க் குடத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.