கிழிந்த ஓலையும் மூல ஓலையும்

திருநெல்வேலிச் சீமையிலே கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு வைணவக் குடியிற் பிறந்து, 1858ஆம் ஆண்டு சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. அவர் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தை நம் மாணவர் காப்பிய நயத்துக்காகவே கற்கின்றனர். ஐந்து பருவங்கள், 3,700க்கு மேற்பட்ட செய்யுட்கள், கம்பன் வழிவந்த ஓசை. இவற்றைச் சொல்லி, 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டத்தையும் எழுதிவிட்டால் தேர்விலே புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்நூலுக்கு அடியிலே கிடந்து உறுத்தும் வினா ஒன்று உண்டு. அதனை வகுப்பறையில் நாம் எழுப்புவதில்லை. இடுக்கமான வாயிலிற் புகுந்து, சிலுவையடியிலே முதுகுப் பாரம் கழன்று விழப்பெற்ற யாத்திரிகன் ஒருவன், அதன்பின் வழியிலே கெட்டொழிதல் கூடுமா? ஒருமுறை பெற்ற இரட்சிப்பை மனிதன் இழந்துபோக முடியுமா?

சைவனாகிய எனக்கு இவ்வினாவில் என்ன வேலை என்று அன்பர் சிலர் கேட்கலாம். யான் வாழ்வது வெருகலிலே. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் எங்கள் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்கி, ஆற்றைக் கடந்து, கதிரவெளி நோக்கிச் செல்லும். புறப்பட்டோர் அனைவரும் போய்ச் சேர்வதில்லை என்பதை இவ்வூர்ச் சிறுவரும் அறிவர். யாத்திரையைப் பாடிய காப்பியத்தை இத்தகைய ஊரில் இருந்துகொண்டு படிப்பவனுக்கு, இடைவழியில் நின்றவன் கதி என்ன என்ற கேள்வி எழாமற் போகாது.

நம் நாட்டிலே இவ்வினாவுக்கு ஒரு விடையன்று, பல விடைகள் வந்திறங்கின. போர்த்துக்கேயரோடு வந்த கத்தோலிக்க சமயம், சாவான பாவத்தால் அருள்நிலை இழக்கப்படும் என்றும், பாவசங்கீர்த்தனத்தால் அது மீளப் பெறப்படும் என்றும் கொள்வது. 1547ஆம் ஆண்டில் திரெந்துச் சங்கம் இதனை வரையறுத்துச் சொல்லிற்று. ஒல்லாந்தர் கொணர்ந்த சீர்திருத்த சபையோ, 1618, 1619ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரிற் கூடிய சங்கத்தின் முடிபை உடையது: மெய்யாகத் தெரிந்துகொள்ளப்பட்டவன் வழுக்கி விழுவான், ஆயினும் முற்றாகக் கெடான்; இறைவன் அவனை நிலைபெறச் செய்வான். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனாரும் இம்மரபின் வழித்தோன்றல்களே. அவர்களுக்கு இரண்டாண்டு முன்னரே, 1814இல், வெஸ்லியன் மிஷனார் இலங்கைக்கு வந்துவிட்டனர். அவருள் வில்லியம் ஓல்ட் என்பார் மட்டக்களப்பில் அமர்ந்து, மறுவருடமே அங்கு மறைந்தார். அவர்தம் ஆசானாகிய யோன் வெஸ்லி 1751ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதி, விசுவாசி விழுந்து கெடவுங்கூடும் என்று வாதிட்டவர். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவன் எந்தப் பள்ளியின் வாங்கிலே இருந்து படித்தான் என்பதைப் பொறுத்து, அவனுடைய மோட்சம் கைவிட்டுப் போகக்கூடியதாகவோ போகக்கூடாததாகவோ இருந்தது!

ஒல்லாந்தர் காலத்து நிகழ்ச்சி ஒன்று இவ்விவாதத்துக்கு நல்ல உரைகல். அக்காலத்தே காணியுரிமைக்கும் உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. தோம்பிலே பெயர் பதிந்தோர் பல்லாயிரவர். 1796இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், அவருட் பெரும்பாலோர் வந்த வழியே கோயிலுக்குத் திரும்பினர். இவர்கள் இரட்சிப்பை இழந்தவர்களா? டோர்ட் மரபினர் விடை எளிது: அவர்கள் அதனைப் பெற்றதே இல்லை. தோம்பைப் பொறுத்தவரை இது மெய்யே. ஆனால் இவ்விடையில் இடர் ஒன்று உண்டு. விலகிப் போனவன் எவனாயினும் அவன் முதலிலேயே பெறாதவன் என்று சொல்லிவிட்டால், இன்று கோயிற் படியில் உறுதியோடு நிற்பவன் தான் பெற்றவனா பெறாதவனா என்பதை எங்ஙனம் அறிவான்? அச்சத்தை நீக்குதற்கு எழுந்த கொள்கை அச்சத்தை வேறோர் அறைக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகின்றது. (வட்டுக்கோட்டையிற் பயின்று, பின்னர்ச் சைவத்துக்கு மீண்ட சி. வை. தாமோதரம்பிள்ளையை மிஷனார் எப்பட்டியலிற் சேர்த்தனரோ! 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அவரைத் தமிழ் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.)

இது மேல்நாட்டார் பூசல் என்று தமிழன் தள்ளிவிடவும் இயலாது. கிருஷ்ணபிள்ளை பிறந்த வைணவமே இவ்வினாவால் இரண்டு கலையாகப் பிரிந்ததன்றோ? குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் விழும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே அதனை வாயாற் கௌவிச் செல்லும். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார்க்கு முன்னது உவமை. பிள்ளைலோகாசாரியர் வழிவந்த தென்கலையார்க்குப் பின்னது. பற்றுவது யார், பற்றப்படுவது யார் என்ற இவ்வொரு கேள்வியையே டோர்ட் நகரத்தாரும் வெஸ்லியாரும் வேறு சொற்களிற் கேட்டனர். சைவ சித்தாந்தமும் இதற்குப் புறம்பன்று. குளத்திலே கல்லெறிய விலகிய பாசி மீளவும் வந்து மூடுவதுபோல், நீங்கிய மலவாசனை வந்து தாக்கும் என்று நம் ஆசிரியர் எச்சரித்தனர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் சீவன்முத்தருக்கும் மலம் கழுவுதலையும் அடியார் கூட்டுறவையும் விதிக்கின்றது. முத்தி கைகூடியவனுக்கும் காவல் வேண்டுமாம்!

இவ்வளவும் ஏட்டிலே கண்டவை. இவ்வினா எலும்பும் தசையுமாக என் திண்ணையில் வந்து அமர்ந்தது ஓர் ஆவணி மாதத்தில்.

வந்தவள் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்றவள்; மணமான பின், தானே விரும்பிக் கிறிஸ்தவ சபையொன்றிற் சேர்ந்தவள். அவளுடைய பிள்ளை காய்ச்சலிற் கிடந்தபோது மாமி எங்கள் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். பிள்ளை தேறியது. மாமியின் மனம் நோகக் கூடாதென்று, திருவிழாவன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்து, கற்பூரம் கொளுத்தி நின்றாள். அதனைக் கண்டவர் சபையிலே சொல்ல, மூப்பர் ஒருவர் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை விரித்துக் காட்டி, அருளைச் சுவைத்தபின் வழுவிப் போனவரை மீண்டும் புதுப்பித்தல் கூடாது என்று எழுதியிருப்பதைப் படித்து, "உனக்கு இனி இடமில்லை" என்றாராம்.

"ஐயா, உங்களிடம் படித்த காலத்தில் நூலகத்திலிருந்து மோட்சப் பிரயாணத்தையும் எடுத்து வாசிக்கச் சொன்னீர்கள். அதில் இரும்புக் கூண்டுக்குள் ஒரு மனிதன் இருப்பானே, அவன்தானா ஐயா நான்?" என்று கேட்டாள். கண்ணீர் விட்டாளில்லை. பல இரவுகள் உறங்காத முகம்.

கூண்டு மனிதனை அறியாதார்க்குச் சொல்லுகிறேன். கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்துக்கு மூலமாகிய யோன் பனியனின் நூல் 1678இல் வெளிவந்தது. அதிலே யாத்திரிகன் வியாக்கியானியின் வீட்டுக்குச் செல்கிறான். இருளறை ஒன்றில் இரும்புக் கூண்டினுள் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். முன்னர்ப் பக்தனென்று பெயர் பெற்றவன். விழிப்பை விட்டு ஆசையின் வழியே போனவன். இப்போது மனந்திரும்பவும் இயலேன், எனக்கு நம்பிக்கையே இல்லை என்கின்றான். அந்நூலிலே குளிர வைக்கும் இடம் அது.

"பிள்ளை, கூண்டுக்குள் இருப்பவனுக்குத் தீர்ப்புச் சொன்னது யார்?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். நூலை எடுத்துவந்து அவளையே படிக்கச் சொன்னேன். நம்பிக்கை இல்லை என்ற சொல் அவன் வாயிலிருந்தே வருகின்றது. வியாக்கியானி அதனை வழிமொழியவில்லை. இதனை நினைவிற்கொள் என்று யாத்திரிகனை எச்சரிப்பதோடு நிற்கின்றான். உரையாசிரியர் காட்டிய வழியில் நூல் கற்ற நமக்கு, கூற்று யாருடையது என்று பார்ப்பது முதற்பாடம். கூண்டிலிருப்பவன் கூற்றை நூலாசிரியன் துணிபாகக் கொள்ளுதல் தகாது.

பனியன் இவ்விருளை வெளியிலிருந்து கண்டவனல்லன். பாத்திரம் செப்பனிடும் தொழில் செய்த ஏழை. அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்ட் சிறையிற் கிடந்தவன். அங்கிருந்தே 1666இல் தன் வரலாற்றை எழுதினான். ஏசா ஒருவேளைக் கூழுக்குச் சேட்டபுத்திர பாகத்தை விற்றதுபோல் தானும் கிறிஸ்துவை விற்றுவிட்டதாக எண்ணி, நெடுங்காலம் அவன் பட்ட வேதனையை அதிலே காணலாம். இரட்சிப்பை இழந்தேன் என்று நடுங்கியவன் கையிலிருந்தே யாத்திரை நூல் பிறந்தது.

ஆதலாற்போலும், அந்நூலில் யாத்திரிகன் பலகால் வழுவுகின்றான். எளிய வழியென்று பக்கத்துப் புல்வெளியில் இறங்கி, அவநம்பிக்கை என்னும் அரக்கன் கோட்டையிலே புதன்கிழமை முதல் சனி இரவு வரை பட்டினியும் அடியுமாகக் கிடக்கின்றான். வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பின்னரே நினைக்கின்றான். அதனினும் நுட்பமானது சுருளை இழந்த கதை. சிலுவையடியில் அவனுக்கு முத்திரையிட்ட சுருள் ஒன்று கொடுக்கப்பட்டது. நகர வாயிலிற் காட்ட வேண்டிய அடையாளம் அது. மலையின் நடுவே நிழல்மண்டபத்தில் உறங்கியபோது அது கைநழுவி விழுந்தது. நெடுந்தூரம் போன பின் அறிந்து, அழுதுகொண்டே திரும்பி வந்து, அவ்விருக்கையின் கீழே கண்டெடுக்கின்றான். இழந்தது சுருளை. நகரத்தின் அரசன் அதனால் அவனை மறந்துவிட்டதாக நூலில் எங்கும் இல்லை. மனவுறுதி வேறு, இரட்சிப்பு வேறு. முன்னதை இழந்தவன் பின்னதையும் இழந்ததாக எண்ணிக்கொள்ளுகின்றான். என் மாணவி இழந்ததும் சுருளே என்பது என் துணிபு.

இவ்விடத்தில் யான் சைவ நூலொன்றைத் துணைக்கு அழைத்தேன். தமிழ் கற்றவளாதலால் அவளுக்கு அது விளங்கும். சுந்தரமூர்த்திகளின் மணப்பந்தரிலே முதிய வேதியர் ஒருவர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஆளோலை காட்டுகின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழித்தாயிற்று, இனி என்ன? திருவெண்ணெய்நல்லூர் அவையில் வேதியர் அமைதியாகச் சொல்லுகிறார்: கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது. பின்னாளில் அவ்வடியவரே திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளை மீறுகின்றார். இரு கண்ணொளியும் போகின்றன. தண்டனை மெய், அதில் விளையாட்டில்லை. ஒரு கண் காஞ்சியிலும், மறுகண் திருவாரூரிலும் மீள்கின்றன. இடையிலே குருடராய்த் தடுமாறி நடந்தபோதும் அவர் ஆளோலைக்கு உட்பட்டவராகவே நடந்தார். சேக்கிழார் அவரைத் தொண்டர் வரிசையிலிருந்து ஓரடியும் விலக்கவில்லை.

இதனை அவளுக்குச் சைவம் போதிப்பதற்காகச் சொல்லவில்லை. அவள் அப்படி எடுத்துக்கொள்ளவும் இல்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் பயமே வேண்டாமா ஐயா?" என்றாள். கூர்மையான கேள்வி. பனியனின் நூல் முடியும் இடத்தையும் அவளுக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று. மரண ஆற்றுக்குப் பாலமில்லை. யாத்திரிகன் அதிலே அமிழ்ந்து, அஞ்சி, தோழன் தலையைத் தூக்கிப் பிடிக்கக் கரையேறுகின்றான். அறிவீனன் என்னும் பெயருடையான் ஒருவனோ, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் துணையால் கால் நனையாமற் கடந்து வருகின்றான். கிழக்கிலங்கையில் இத்தகைய துறைகளிலே ஆட்களை ஏற்றிக் கடத்தும் மிதவையைப் 'பாதை' என்போம். பாலம் வருமுன் எங்கள் வெருகல் ஆற்றிலும் பாதைதான். அறிவீனன் பாதையேறி வந்தான். வாயிலிற் காட்டச் சுருளில்லை. கைகால் கட்டி, மலைப்பக்கத்துக் கதவு வழியே நரகில் தள்ளினர். அச்சமே அறியாது வந்தவன் அவன். அமிழ்ந்து நடுங்கியவன் உள்ளே போனான். எச்சரிக்கை யாருக்கு, ஆறுதல் யாருக்கு என்பதைப் பனியன் இங்கே பிரித்துக் காட்டிவிட்டான். மூப்பர் செய்தது, அறிவீனனுக்கு உரிய மருந்தை ஆற்றில் அமிழ்பவளுக்கு ஊட்டியது. நிருபத்தின் எச்சரிக்கை பொய் என்று நான் சொல்லமாட்டேன். வெஸ்லி அதனை அத்துணைப் பெரிதாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. திரும்பிப் போக மனம் கொள்வாரைத் தடுக்க எழுந்த வாசகம் அது. திரும்பி வர வழி கேட்டு நிற்பவள்மேல் அதனை வீசுதல் முறையன்று.

பின்னர் அவள் கைப்பையிலிருந்த வேதாகமத்தையே வாங்கி, அதே அதிகாரத்தைப் படிக்கச் சொன்னேன். நான்காம் வசனம் முதல் எட்டாம் வசனம் வரை அவளுக்கு மனப்பாடமாயிருந்தது. முட்செடி முளைத்த நிலம் எரிக்கப்படுவதோடு நிறுத்தினாள். மூப்பரும் அங்கேதான் நிறுத்தினாராம். முன்னும் பின்னும் நோக்காமற் பொருள் கொள்ளுதல் நம் பள்ளியில் வழக்கமில்லை என்று சொல்லி, மேலே படி என்றேன். ஒன்பதாம் வசனத்திலே நிருபக்காரர் குரலை மாற்றி, அன்பானவர்களே என விளித்து, இப்படிச் சொன்னாலும் உங்களிடம் இதனினும் நல்லவற்றையே நம்பியிருக்கிறோம் என்ற கருத்தை எழுதுகின்றார். அவள் அவ்வரியை இருமுறை படித்தாள். யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், ஆடுகளைத் தன் கையிலிருந்து ஒருவரும் பறிப்பதில்லை என்று ஆயன் சொல்லும் இடத்தையும் தானே தேடி எடுத்தாள். அது எனக்கு அவள் காட்டியது.

அடுத்த கிழமை அந்த மூப்பரிடமே சென்று, ஒன்பதாம் வசனத்துக்குப் பொருள் கேட்டதாகப் பின்னர் ஒருநாள் சந்தையிற் கண்டபோது சொன்னாள். அவர் என்ன விடை கூறினார் என்பதைச் சொல்லவில்லை, நானும் கேட்டிலேன். கையிலே சபைப் பாட்டுப் புத்தகம் இருந்தது. பிள்ளை அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.